அழிக்க மறந்த மீட்டர்

மெக்கானிக் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் மேஸ்திரி என்று தம்பிகள் இரண்டு மாதமாக உயிரை வாங்குகிறார்கள். கோப்பை வாங்கிய கதையாக இருந்தால் நல்லது, போட்டோ இருந்தால் இன்னும் நல்லது என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்கள். கோப்பை எல்லாம் எங்கள் டீம் முதலாளி அண்ணாச்சி வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. என்னிடம் இருப்பது ஒரு மீட்டர். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பிடித்தால் போடுங்கள், பிடிக்காவிட்டால் போண்டா மடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பந்தய வண்டியில் நடப்பதெல்லாம் போனில் வந்து விழுகிறது. எந்த வளைவில், எந்த நொடியில், டிரைவர் எவ்வளவு மிதித்தான் என்று கோடு போட்டுக் காட்டுகிறது. அதைக் காட்டி ஒரு தம்பி கேட்டான். "ஏன் மேஸ்திரி, இதெல்லாம் இல்லாத காலத்துல டிரைவருக்கும் டீமுக்கும் தகராறு வந்தா இன்னா பண்ணுவீங்கோ? யார் சொல்றது நெஜம்னு எப்டித் தெரியும்?" என் நோட்டுப் புத்தகம்தான்டா சாட்சி என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்கவில்லை.

என் பெயர் ஏழுமலை. கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் வண்டிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவன். பத்தாவது தவறியதும் மாதவரத்தில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்தேன். பதினோரு வருஷம் அடி, திட்டு, டீசல் நாற்றம். அதுதான் என் படிப்பு. அந்தப் பட்டறைக்கு லாரி விட வந்தவர்தான் அண்ணாச்சி.

அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கொருக்குப்பேட்டையில் பருப்பு, மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம். பீடி கிடையாது, வெற்றிலை கிடையாது, சினிமாகூடக் கிடையாது. அந்த மனிதருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் கார் பந்தயம். ஒரே ஆள் உட்காருகிற, கூரை இல்லாத, தரையோடு தரையாகப் போகிற பந்தய வண்டி ஒன்றைப் பழசாக வாங்கி, மணலி சாலையில் கண்டெய்னர் யார்டுக்குப் பக்கத்தில் ஒரு ஷெட் போட்டார். "லாரி எஞ்சின் தெரிஞ்ச ஆளுக்கு இது தெரியாமலா போயிரும்? வாரும் மேஸ்திரி" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அடுத்த இருபத்திரண்டு வருஷம் அந்த ஷெட்தான் எனக்கு எல்லாம்.

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எடுபிடி வேலைக்காரனைக்கூட "வாரும், இரும்" என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் "சார்" என்பார். அண்ணாச்சி வாயிலிருந்து சார் வந்துவிட்டால் அந்த ஆள் மறுநாள் வேலைக்கு வரவேண்டாம் என்று அர்த்தம். ஒரு மழையில் சடையங்குப்பம் பக்கம் இருந்து தண்ணீர் ஏறி ஷெட்டுக்குள் இடுப்பளவு வந்துவிட்டது. நாங்கள் எல்லாம் வண்டியைத் தூக்கப் பார்த்தோம். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்து, அலமாரியில் இருந்த என் நோட்டுப் புத்தகங்களை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். "வண்டி போனா வேற வாங்கிக்கிடலாம் மேஸ்திரி. இது போனா எங்க வாங்க?" என்றார். அன்றைக்கு அவருக்காக எதையும் செய்யலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததுதான் பின்னால் வினையாகப் போனது.

நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்ட வண்டியில் ஒரு மீட்டர் உண்டு. எங்கள் மீட்டர் பழைய மாதிரி. ஓடினதில் எது உச்சமோ அந்த ஒரு எண்ணை மட்டும் நினைவில் வைத்திருக்கும். எப்போது, எங்கே என்றெல்லாம் சொல்லாது. மேல் பட்டனை அழுத்தினால் அந்த உச்சத்தைக் காட்டும். கீழ் பட்டனை அழுத்தினால் அழிந்து பூஜ்ஜியம் ஆகும். வண்டி உள்ளே வந்ததும் நான் குனிந்து மேல் பட்டனை அழுத்துவேன். எண்ணை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்வேன். நோட்டில் எழுதுவேன். பிறகு கீழ் பட்டனை அழுத்தி அழிப்பேன். சொல், எழுது, அழி. இருபத்திரண்டு வருஷத்தில் இந்த மூன்றில் ஒன்றை ஒரு தடவைகூட விட்டதில்லை என்று எல்லாரிடமும் பீற்றிக்கொள்வேன். எங்கள் டீம் எல்லை ஏழாயிரத்து ஐந்நூறு. அதைத் தாண்டி மிதித்துவிட்டு இல்லை என்று சாதித்த டிரைவர்கள் இரண்டு பேர் என் நோட்டில் மாட்டியிருக்கிறார்கள்.

நூருல்லா எங்களிடம் வந்தபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது. தண்டையார்பேட்டைப் பையன். அவன் அப்பா டிரெய்லர் லாரிகளுக்குப் பழைய டயரைப் புதுப்பித்துக் கொடுக்கிற கடை வைத்திருந்தார். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் தங்கள் காசைப் போட்டு ஓட்டுகிற விளையாட்டு இது. நூருவிடம் காசு கிடையாது, கை மட்டும்தான் இருந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டுச் செலவு முழுக்கத் தன்னுடையது என்று நான்கு வருஷ ஒப்பந்தம் போட்டார். டயர் அடுக்கின் மேல் வைத்து அவன் கையெழுத்துப் போட்டான். முழுக்க ஆங்கிலம். அவனும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. அதில் இருந்த ஒரு ஷரத்து பின்னால்தான் எங்களுக்குத் தெரியவந்தது. டீம் வகுத்த எஞ்சின் எல்லையை மீறி டிரைவர் எஞ்சினைக் கெடுத்தால் அது ஒப்பந்த மீறல். மீறியவர் அடுத்த இரண்டு சீசன் வேறு எந்த டீமுக்கும் ஓட்டக்கூடாது. மீறினாரா இல்லையா என்பதற்குத் தலைமை மெக்கானிக்கின் நோட்டே சாட்சி.

நான்காவது வருஷம் கடைசிப் பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நூரு ஷெட்டுக்கு வந்து அண்ணாச்சியிடம் சொன்னான். கோயம்புத்தூரில் ஒரு பெரிய டீம் கூப்பிடுகிறது, பெரிய வண்டி, இந்த ஒப்பந்தம் முடிந்ததும் போகட்டுமா என்று. அவன் முறையாகத்தான் கேட்டான்.

"நல்லது சார்" என்றார் அண்ணாச்சி.

ஷெட்டில் ஸ்பேனர் சத்தம்கூட நின்றுபோயிற்று. நூருவுக்கு முகம் செத்துவிட்டது. பெற்ற பிள்ளை சொல்லாமல் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்து நின்றால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அண்ணாச்சி முகம்.

கடைசிப் பந்தயம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத் தடத்தில். முதல் நாள் பயிற்சியில் பழைய எஞ்சினில் எண்ணெய் கசிந்ததால் புது எஞ்சின் ஏற்றினோம். புது எஞ்சின் ஏறினால் எங்கள் டீமில் ஒரு வழக்கம் உண்டு. வண்டிக்குப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, அண்ணாச்சி தானே உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து மூன்று தடவை மிதிப்பார். வேட்டியைத் தொடைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் குறுகலான குழிக்குள் அவர் இறங்குகிற காட்சியைப் பார்க்கப் பக்கத்து டீம்காரர்கள்கூட வருவார்கள். வண்டி பூராவும் சந்தனமும் குங்குமமும் அவர் கையால்தான் வைப்பார். ஸ்டீரிங்குக்கு ஒன்று, மீட்டருக்கு ஒன்று. பூஜை முடிந்து அவர் இறங்கியதும் நான் குனிந்து மீட்டரை அழித்துவிடுவேன். நோட்டில் எழுதமாட்டேன். சாமி காரியத்தை ஓட்டக் கணக்கில் சேர்க்கக்கூடாது அல்லவா?

அன்றைக்குக் காலையில் பூஜை நடந்தது. நூரு எப்போதும்போல ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றான். அண்ணாச்சி மிதித்தார். மனசில் இருந்ததெல்லாம் காலில் இறங்கியது போலிருக்கிறது, மூன்றாவது மிதி பலமாகவே இருந்தது. அவர் எழுந்திருக்கும்போது வேட்டி கியர் கம்பியில் மாட்டிக்கொண்டது. எல்லாரும் ஓடி அதை எடுத்துவிட்டோம். சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. அதற்குள் வண்டியை வரிசைக்குக் கொண்டுவரச் சொல்லி மைக்கில் அழைத்துவிட்டார்கள்.

மூன்றாவது சுற்றில் எஞ்சின் வெடித்தது. உள்ளே ஒரு போல்ட் அறுந்து எஞ்சினின் பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்திருந்தது. வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். புது எஞ்சின், என் கையால் பூட்டியது. எனக்கு ரத்தம் கொதித்தது.

"எஞ்சின கொன்னுட்டியேடா கஸ்மாலம்! எம்மாந்தூரம் மிதிச்ச?" என்று கத்தினேன்.

"அல்லா மேல சத்தியமா ஏழரைய தாண்டல மேஸ்திரி" என்றான் நூரு.

நான் குனிந்து மேல் பட்டனை அழுத்தினேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "எட்டாயிரத்துத் தொள்ளாயிரம்!"

எண்ணைக் கேட்டதும் நூரு வாயை மூடிக்கொண்டான். அண்ணாச்சியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். குற்றம் செய்தவனுக்கு வாய் அடைத்துப் போயிற்று என்று நினைத்தேன். நோட்டில் எழுதினேன். அழிக்கக் கையை நீட்டியபோது அண்ணாச்சி தடுத்தார். "அழிக்காதீரும். அப்படியே இருக்கட்டும்" என்றார். போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவந்து தார்ப்பாய் போட்டு மூடினோம்.

ஒரு வாரத்தில் நூருவுக்கு வக்கீல் நோட்டீஸ் போயிற்று. ஒப்பந்தத்தை மீறினாய், இரண்டு சீசனுக்கு எங்கேயும் ஓட்டக்கூடாது என்று. அவனுக்கு அப்போது இருபத்தாறு. இந்த விளையாட்டில் அந்த வயசில் இரண்டு வருஷம் வெளியே உட்கார்ந்தவனை யாரும் திரும்பக் கூப்பிடமாட்டார்கள். அது அண்ணாச்சிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம், உடைந்த எஞ்சினை இறக்குவதற்காகத் தார்ப்பாயை விலக்கினேன். வெயில் நேராக மீட்டர்மேல் விழுந்தது. கீழ் பட்டன்மேல் அண்ணாச்சி வைத்த பொட்டு இருந்தது. சந்தனம் காய்ந்து பட்டனையும் பக்கத்துத் தகட்டையும் சேர்த்துப் பிடித்திருந்தது. நடுவில் குங்குமம். ஒரு விரிசல் கிடையாது, ஒரு விரல் பட்ட தடம் கிடையாது.

அப்படியே டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பட்டனை அழுத்தியிருந்தால் பொட்டு உடைந்திருக்கவேண்டும். பூஜைக்குப் பிறகு நான் மீட்டரை அழிக்கவே இல்லை. எட்டாயிரத்துத் தொள்ளாயிரம் நூரு ஓட்டியதாக இல்லாமல் அண்ணாச்சி மிதித்ததாகவே இருக்கலாம். அந்த மிதியில்தான் புது போல்ட் விரிசல் விட்டதோ என்னவோ.

நேராகக் கொருக்குப்பேட்டை குடோனுக்குப் போனேன். அண்ணாச்சி உள்ளங்கையில் துவரம்பருப்பைப் பரப்பிச் சொத்தை பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நான் மிதிச்சது அவ்வளவு தூரம் போகுமாவே?"

"போவும் அண்ணாச்சி. கியர் போடாத வண்டி, லோடு இல்ல. லேசா மிதிச்சாலே ஏறிடும்."

பருப்பை மூட்டையில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தார். "சரி. அவன் ஓட்டும்போது அவ்வளவு போகலைன்னு உமக்கு உறுதியாத் தெரியுமா?"

"தெரியாது."

"பொறவு என்ன? உமக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சாமி காரியத்தைக் கொண்டுபோய்ச் சபையில வைக்கவேண்டாம் மேஸ்திரி. கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு வாரும். பொய் சொல்லும்னு நான் சொல்லுதேனா?"

சொல்லவில்லைதான். அதுதான் அவர் சாமர்த்தியம். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

விசாரணை நீதிமன்றத்தில் இல்லை. தகராறு வந்தால் நடுவர் ஒருவரிடம் போகவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. பாரிமுனையில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. நடுவர் ஓய்வுபெற்ற நீதிபதி, ஒரு அம்மா. மேஜைமேல் வெந்நீர் பிளாஸ்க். எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுதினார். "மெதுவாகச் சொல்லுங்கள், நான் எழுதவேண்டும்" என்பார். நாம் சொன்னதை ஒரு தடவை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பேனாவை வைப்பார். அந்த அம்மா செய்த முறையைப் பார்த்து எனக்கு மரியாதையாகவே இருந்தது. என்னைப் போலவே சொல், எழுது.

அண்ணாச்சியின் வக்கீல் கேட்டார். "இந்த எண்ணை மீட்டரில் பார்த்ததும் எழுதியதும் நீங்கள்தானே?"

"ஆமாங்க."

"ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் மீட்டரை அழிப்பது உங்கள் வழக்கம், இல்லையா?"

"ஆமாங்க."

ஓட்டத்துக்குப் பிறகு என்றுதான் கேட்டார். பூஜை ஓட்டம் இல்லை. எனக்கு நானே அப்படிச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். நூருவின் வக்கீல் எழுந்து மீட்டர் சரியாக வேலை செய்கிறதா, எப்போது வாங்கியது, தப்பாகக் காட்டாதா என்று குடைந்தார். சரியாகத்தான் காட்டும் என்றேன். அதுவும் உண்மைதான். கேட்கவேண்டிய ஒரு கேள்வியை மட்டும் அந்த மனிதர் கேட்கவில்லை.

கடைசியில் நடுவர் அம்மா பேனாவை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

தலைக்கு மேல் ஃபேன் ஒன்று தள்ளாடிச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "இல்லம்மா."

"சாட்சி வேறு எதுவும் சொல்ல விரும்பவில்லை" என்று திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார். தீர்ப்பு அண்ணாச்சி பக்கம் வந்தது. கோயம்புத்தூர் டீம் வேறு ஆளை எடுத்துக்கொண்டது. நூருவுக்கு இரண்டு வருஷம் முடிந்தபோது யாரும் போன் செய்யவில்லை.

அண்ணாச்சிக்குப் பட்ட நன்றிக்கடனுக்காகத்தான் வாயை மூடினேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளத்தில் என் நோட்டைத் தலையில் தூக்கிய மனிதர் அல்லவா என்று. அது பொய். உண்மை வேறு, கேவலமானது. அதுவரை பன்னிரண்டு வருஷம் ஒரு தடவைகூட அழிக்க மறக்காதவன் என்று பேர் வாங்கிவிட்டு, மறந்துவிட்டேன் என்று நாலு பேர் எதிரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு பையனின் பிழைப்பைவிட என் பீற்றல் எனக்குப் பெரிதாக இருந்தது.

போன வருஷம் நான் ஓய்வு பெற்றேன். சால்வை, மாலை எல்லாம் முடிந்ததும் அண்ணாச்சி ஒரு செய்தித்தாள் பொட்டலத்தைக் கையில் கொடுத்தார். பழைய வண்டியை விற்பதற்கு முன் கழற்றி வைத்த மீட்டர். "உம்ம மீட்டரு. நீரே வச்சுக்கிடும்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டில் பிரித்துப் பார்த்தேன். பொட்டு அப்படியே இருந்தது. கரன்ட் கொடுத்து மேல் பட்டனை அழுத்தினேன். எட்டாயிரத்துத் தொள்ளாயிரம்.

அண்ணாச்சி அதைத் துடைத்திருக்கலாம். பத்து வருஷத்தில் எத்தனையோ தடவை துடைத்திருக்கலாம். அவராலும் முடியவில்லை போலிருக்கிறது.

தம்பி அந்தக் கேள்வியைக் கேட்ட மறுநாள் மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு நூருவின் கடைக்குப் போனேன். அப்பாவுடைய டயர் கடையை இப்போது அவன்தான் பார்க்கிறான். பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் குனிந்துகொள்வேன். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது அவனுக்கு.

"வாங்க மேஸ்திரி, குந்துங்க. இன்னா இவ்ளோ தூரம்?" என்று டீ வரவழைத்தான்.

நான் மீட்டரை எடுத்து ஸ்டூல்மேல் வைத்தேன். பொட்டைக் காட்டினேன். சொல்லத் தொடங்கினேன். அவனே முடித்தான்.

"தெரியும் மேஸ்திரி. அண்ணாச்சி மிதிக்கறப்ப நான் பக்கத்துல நின்னுகினு மீட்டரதான் பாத்துகினு இருந்தேன். எட்டு ஒம்போதுன்னு அடிச்சிச்சி. நீங்க அழிச்சிருப்பீங்கன்னு நெனச்சிதான் ஏறி குந்தினேன். வந்தப்புறம் நீங்க நம்பர சத்தமா சொன்னீங்க பாரு, அப்பவே புரிஞ்சிபோச்சி."

"தெரிஞ்சிமா நைனா சொல்லாம இருந்த? வக்கீல்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

அவன் சிரித்தான். அதில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. "நான் சொல்லியா? பொட்டு வெச்சி, கற்பூரம் ஏத்தி ஸ்டார்ட் பண்ண வண்டி. அதுலதான் தப்பு ஆயிடுச்சின்னு இந்த நூருல்லா எந்திரிச்சி சொன்னா அங்க எவன் காதுல மீட்டர்னு வுழும்? பாய் பூஜைய கொற சொல்றான்னுதான் வுழும். நாலு வருசம் அண்ணாச்சி கையால சோறு துன்னவன், அத எப்டி சொல்லுவேன்? ஆனா நீங்க சொன்னா அது வெறும் மீட்டர் சமாச்சாரம். சொல்லக்கூடிய ஆளு நீங்க ஒருத்தர்தான். அதான் சொல்லுவீங்கன்னு பாத்துகினே இருந்தேன்."

டீயை என் பக்கம் நகர்த்தினான். "கடசியா அந்த அம்மா கேட்டாங்களே, வேற எதனா சொல்லணுமான்னு. நான் உங்க மூஞ்சியதான் பாத்தேன் மேஸ்திரி. நீங்க ஃபேன பாத்துகினு இருந்தீங்கோ."

மன்னித்துவிடு என்றேன். வாசலில் டிரெய்லர் ஒன்று வந்து ஹாரன் அடித்தது. அவன் எழுந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். "இத இங்க வெச்சிட்டு போவாதீங்க. எனக்கு எதுக்கு இது? என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அன்னிக்கு யார்கிட்ட சொல்லாம வுட்டீங்களோ, அங்க சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

அந்த நடுவர் அம்மா எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்றே எனக்குத் தெரியாது. அண்ணாச்சிக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை என்கிறார்கள். யாராவது இதைப் படித்துக் காட்டட்டும். அன்றைக்குப் பந்தயத் தடத்தில் என் குரலைக் கேட்ட எல்லாரும் இந்தச் சங்கத்துக்காரர்கள்தான். அவர்களிடம்தான் சொல்லமுடியும். நூருல்லா ஏழரையைத் தாண்டினான் என்பதற்கு என்னிடம் சாட்சி எதுவும் இல்லை, அன்றும் இருக்கவில்லை. நான் அழிக்க மறந்தேன். மறந்தது தெரிந்த பிறகும் மறைத்தேன்.

வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டீர்கள் அம்மா. இருந்தது. இதுதான். மெதுவாகத்தான் சொல்லியிருக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.